பூச்சியா, பரிசா?

ஹவாய்த் தீவு என்றால் கடற்கரையும் பூமாலையும்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாற மாட்டார்கள். இரண்டுமே அங்கே நிறைய உண்டு. என் தங்கை ஹொனலுலுவில் குடித்தனம் வைத்துப் பத்து வருஷமாகிறது. போன வருஷம் அவள் வற்புறுத்தியதால் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வந்தேன். நமக்கும் அவர்களுக்கும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றும்போது அங்கே விடியற்காலை மூன்று மணி. முதல் வாரம் முழுவதும் அர்த்தராத்திரியில் பசித்தது! வைகிகி கடற்கரையின் அழகைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அங்கே கேட்ட ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி.

தங்கை பையன் நாலாம் வகுப்பு. ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தான். வகுப்பில் சில குழந்தைகளுக்கு 'உகு' கண்டிருக்கிறது, வீட்டில் தலையைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. "உகுன்னா என்னடா?" என்றேன். "பேன், பெரியம்மா!" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான். அந்த ஊரில் எல்லாரும் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் பேனுக்கு மட்டும் பழைய ஹவாய்ச் சொல்லே நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் எத்தனை இங்கிலீஷ் கலந்தாலும் பேனைப் பேன் என்றுதானே சொல்கிறோம்?

உடனே அவனைப் பிடித்து உட்காரவைத்து, தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன்சீப்பால் வகிடு வகிடாக வாரினோம். இரண்டு அகப்பட்டன. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இப்படி வாரி ஈர் மிச்சமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேன் குதிக்கவும் செய்யாது, பறக்கவும் செய்யாது. குழந்தைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு விளையாடும்போது ஊர்ந்துதான் ஏறுகிறது. குதிப்பது நாயின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி.

வாரிக்கொண்டிருக்கும்போதே பையன் ஒரு விஷயம் சொன்னான். "லெலென்னா குதிக்கறது. உகு லெலென்னா குதிக்கிற பூச்சி. அதான் என் வாத்தியத்துக்குப் பேர்!" அங்கே பல பள்ளிகளில் குழந்தைகளுக்கு இந்த வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிடாரின் குட்டி மாதிரி, நாலே தந்தி, மடியில் வைத்தால் கைக்குழந்தை போல இருக்கும். நம் பத்திரிகைகளில் 'யூகலேலி' என்று போடுவார்கள். அமெரிக்கர்கள் சொல்வது அப்படி. தீவுக்காரர்கள் காதுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு அது 'உகுலெலெ'. கு-வைக் 'குடம்' என்பதில் வருவதுபோல அழுத்திச் சொல்லி, லெகரம் இரண்டையும் குறிலாக விட வேண்டும். இதை ஒரே தடவையில் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெரிய பாராட்டு. பெருமை என்னுடையதல்ல, தமிழுடையது. அவர்களுக்கும் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்து உயிர், ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு. எட்டு மெய். ஆக மொத்தம் பதின்மூன்று எழுத்தில் பாஷை முடிந்துவிடுகிறது!

பூச்சிப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்தால் கப்பலில் ஆரம்பிக்கிறார்கள். 1879 ஆகஸ்ட் 23-ந் தேதி, 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த மதீராத் தீவிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகள். கரும்புத் தோட்டத்தில் கூலி வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்தவர்கள். நாலு மாதக் கடல் பிரயாணம். கைக்குழந்தையோடு நாலு மாதம் கப்பலில் இருந்த அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அதே 1879-ல்தான் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் நம் நாட்டுக் கூலிகளை முதன்முதலாகப் பிஜித் தீவில் கொண்டுபோய் இறக்கியது. கரும்புக்காக எங்கெங்கோ இருந்து ஜனங்களை ஏற்றிய காலம் அது.

கரையைக் கண்ட சந்தோஷத்தில் கப்பலிலிருந்து ஒருவர் 'மஷேட்' என்ற தங்கள் ஊர்ச் சிறிய வாத்தியத்தை எடுத்து வாசித்தாராம். விரல்கள் தந்திமேல் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளின என்று கரையில் நின்றவர்கள் சொன்னதாக ஒரு கதை. இன்னொரு கதையும் உண்டு. ராஜா கலாகவுவின் அரண்மனையில் பர்விஸ் என்ற இங்கிலீஷ்காரர் இருந்தார். குள்ளமானவர், ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் துருதுருவென்று இருப்பவர், இந்த வாத்தியத்தை நன்றாக வாசிப்பவர். அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் வாத்தியத்துக்கும் வந்தது என்கிறார்கள்.

அந்தக் கப்பலில் நுனெஸ், தியாஸ், எஸ்பிரிட்டோ சாந்தோ என்று மூன்று தச்சர்களும் இருந்தார்கள். தோட்டத்தைவிட்டு வந்ததும் ஹொனலுலுவில் பட்டறை போட்டு, தங்கள் ஊர் வாத்தியத்தைத் தீவில் விளையும் 'கோஆ' மரத்தில் செய்தார்கள். கோஆ நம்மூர் வேலமரத்துக்குத் தூரத்து உறவு. செம்பழுப்பு நிறம், உள்ளே தீ எரிவதுபோல ரேகை ஓடும். ராஜா கலாகவு தாமே வாசித்தார். 1886-ல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் ஹுலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக வைத்தார்கள். அதன்பிறகு கேட்க வேண்டுமா? போர்ச்சுகல் வாத்தியம் ஹவாய் வாத்தியமாகிவிட்டது. 1916-லிருந்து இதைச் செய்துவரும் கமாகா குடும்பத்தின் வாத்தியங்களையும் பார்த்தேன். அன்னாசிப்பழ உருவத்தில் கூட ஒன்று இருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

இரண்டாவது அர்த்தம் எனக்குத் தெரியவந்தது ராணியின் மூலம். கலாகவுவுக்குப் பிறகு அவருடைய தங்கை லிலியுவொகலானி 1891-ல் பட்டத்துக்கு வந்தார். 1893 ஜனவரியில், அமெரிக்க வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளுமாகச் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1895-ல் அவருடைய சொந்த அரண்மனையிலேயே, மாடியில் ஓர் அறையில், சுமார் எட்டு மாதம் சிறைவைத்தார்கள். இயோலானி அரண்மனையில் அந்த அறையைப் பார்த்தேன். கீழே சிம்மாசன மண்டபத்தில் கூட்டம் நெரிகிறது. மேலே வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சிறையில் தைக்க ஆரம்பித்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று அங்கே இருக்கிறது. பட்டு, வெல்வெட் துண்டுகள், ரிப்பன்கள், நடுவில் தம் பெயர், பதவியிறக்கிய நாள் எல்லாவற்றையும் நூலால் தைத்து வைத்திருக்கிறார். ஊசி பிடிக்கத் தெரிந்த யாரும் அதைச் சீக்கிரம் விட்டு வரமுடியாது. நான் காவல்காரர் பார்க்கிற அளவுக்கு நின்றுவிட்டேன். ராணி பாட்டுக்கட்டுவதில் வல்லவர். அந்த அறையில் முதலில் அவரிடம் வாத்தியம் எதுவும் இல்லை. தொண்டையாலேயே பாடிப் பார்த்து ஸ்வரங்களை எழுதினாராம்.

இந்த ராணி உகுலெலெ என்பதற்கு 'இங்கே வந்த பரிசு' என்று பொருள் சொல்லியிருக்கிறார்.

ஒரே வார்த்தை, பூச்சியும் பரிசும் எப்படி ஆகும்? பையனுக்கு வாத்தியம் சொல்லித்தரும் அம்மாளிடமே கேட்டேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும், தீவின் பூர்வகுடி. அங்கே பெரியவர்கள் எல்லாரையும் குழந்தைகள் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம்மூர் மாதிரியே. ஆன்ட்டி எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். தொண்டையை ஒரு நொடி அடைத்துச் சொன்னால் 'உகு' பூச்சி. அடைக்காமல் சொன்னால் 'உகு' கூலி, கட்டணம், சன்மானம். குழந்தை அடுப்பைத் தொடப்போனால் "அ-அ!" என்று தடுப்போமே, நடுவில் தொண்டை அடைக்கிறதே, அதுதான் அந்த எழுத்து. தலைகீழான கமா போல ஒரு குறி. பனி, பணி போலத்தான்! இங்கிலீஷ் அச்சில் அந்தக் குறியை விட்டுவிடுவார்கள். விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அகராதியில் அந்தக் குறியோடுதான் இருக்கிறது. ஆகவே எழுத்துப்படி பூச்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் ஆன்ட்டி, "ராணி பாஷை தெரியாமல் சொல்லியிருப்பாரா? வந்த விருந்தாளியைப் பூச்சி என்று சொல்ல அவருக்கு மனசு வந்திருக்காது" என்றார். எனக்கு இது பிடித்திருந்தது.

அவருடைய பாட்டி பள்ளியில் ஹவாய் மொழி பேசியதற்காக அடி வாங்கியவராம். 1896-ல் போட்ட சட்டத்தால் பள்ளிகளில் எல்லாம் இங்கிலீஷ்தான் என்று ஆகிவிட்டது. அடிபட்ட பாட்டி தம் பிள்ளைகளிடம் தம் பாஷையைப் பேசவில்லை. இரண்டு தலைமுறைக்குள் வீட்டில் அது ஓய்ந்துவிட்டது. 1978-ல் அதைத் தீவின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கினார்கள். 1984-ல் 'பூனானா லெஒ' என்று பச்சைக்குழந்தைகளுக்கு முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் பள்ளி தொடங்கியது. 'குரல்களின் கூடு' என்று அர்த்தம். ஆன்ட்டி நாற்பது வயதுக்குமேல், தம் மகளோடு உட்கார்ந்து தம் பாஷையைப் படித்தவர்.

"உங்கள் பாஷையில் இதை எப்படி எழுதுவீர்கள்?" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். எழுதினேன். "தொண்டை எழுத்து எங்கே?" என்றார். நம்மிடம் அது கிடையாது, ஆய்தமும் ஒத்துவராது. முன்னால் ஒரு சின்னக் கொம்பு போட்டுக்கொடுத்தேன். தமிழில் 'உகு' என்றால் சிந்துவது, கண்ணீர் உகுப்பது என்றும் சொன்னேன். "மூன்றாவது அர்த்தமா!" என்று சிரித்தார். வகுப்புச் சுவரில் அந்தக் காகிதத்தை ஒட்டிவிட்டு, பையனைக் கூப்பிட்டு, கீழே அவன் பெயரையும் தமிழில் எழுதச் சொன்னார்.

அவனுக்கு எழுதத் தெரியவில்லை. தமிழ் நன்றாகப் புரியும், பேசுவான், எழுத்து தெரியாது. தங்கை முகம் சிறுத்துவிட்டது. "வேலை, வேலைன்னு ஓடிட்டேங்க்கா. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

நான் கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருந்தது. அன்று ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் 'அ' போட்டோம். பேன் வாருகிற நேரம்தான் பாடநேரம், அப்போதுதான் அவன் ஒரே இடத்தில் உட்காருவான். நான் விமானம் ஏறும்போது தன் பெயரைப் பார்க்காமல் எழுதினான். 'த' வரிசை நடந்துகொண்டிருந்தது.