குட்டியானையும் விண்மீன்களும்

ஐம்பத்து மூன்று வயதில் ஓர் ஆசிரியை வண்டி வாங்குகிறாள் என்றால் அது மகிழுந்தாகத்தான் இருக்கும் என்று எங்கள் தெரு முடிவுசெய்திருந்தது. வெள்ளையா, சாம்பலா என்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு. நானோ பின்புறம் திறந்த ஒரு சிறு சரக்குந்தை ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

நூல்கள் அதனைச் சிறு சரக்குந்து என்னும். மக்கள் இட்ட பெயர் குட்டியானை. 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் 'ஏஸ்' என்னும் பெயரில் அதனை அறிமுகப்படுத்தியது. இரண்டே உருளைகள் கொண்ட டீசல் பொறி; முக்கால் டன் சுமக்கும் உடல்; ஓட்டுநருக்கும் துணைக்கு ஒருவருக்குமான இருக்கை. பின்னாளில் அதையொத்த வண்டிகள் வேறு நிறுவனங்களிலிருந்து வந்தபோதும் பெயர் மாறவில்லை. யானையின் உழைப்பையும் கன்றின் உருவத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்தப் பெயரறியாப் புலவர்க்குப் பாடநூலில் ஓரிடம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் ஊர் திருப்பத்தூரை அடுத்து, சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. என் கணவர்க்குச் சிறியதொரு தென்னந்தோப்பும் மூன்று பசுக்களும் உண்டு. தேங்காய் சந்தைக்குப் போக வேண்டும். தீவனமும் எருவும் தோப்புக்கு வர வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் வாடகை கொடுத்தால் காய் விற்ற காசில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். இது அன்றாடத் தேவை. மற்றொன்று என் ஆசை. எட்டு அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் குழல் நான்கடி நீளம். தமிழ் கற்பிப்பவளுக்கு வானியல் எதற்கு என்று கேட்பவர்களிடம், கார்த்திகையையும் திருவாதிரையையும் சொல்லாகவே வைத்துக்கொண்டிருந்தால் போதுமா என்று கேட்பேன். காவலூரின் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது. நகர வெளிச்சம் எட்டாத இருளும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானையும் பெருமளவு காணக்கூடிய வாய்ப்பும் அவ்விடத்தின் சிறப்பு. அந்த இருள் எங்கள் மலைக்கே உரிய செல்வம். ஆனால் நான்கடிக் குழலைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மலைக்குச் செல்ல இயலாது.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. "நாளைக்கு என் கல்யாணப் பேச்சுக்கு மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியிலயா வந்து இறங்கப்போறீங்க?" என்றாள் மகள். அவள் கவலை பொய்யன்று. நம் ஊரில் வண்டியைப் பார்த்துத்தான் குடும்பத்தை எடைபோடுகிறார்கள். "நான் எங்கே உக்காருவேன்?" என்பது மாமியாரின் கேள்வி. மூட்டுவலியோடு மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்பவர் அவர். முன்னிருக்கை அவருக்கே என்று உறுதி கூறி, ஏறுவதற்கு ஒரு பலகைப் படியும் செய்வித்த பிறகே இசைந்தார். மகள் இன்னும் முழுமையாக இசையவில்லை.

புதிய வண்டி என் சேமிப்புக்கு எட்டவில்லை. பழைய வண்டி வாங்குவது ஒரு கலை. அதிகாலையில், பொறி குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்த பொறி தன் நோயை மறைத்துவிடும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சக்கரத்தின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அடியில் ஏதோ கோணல். சுமைப்பகுதியின் தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்துத் துருவை அறியலாம். பதிவுச் சான்றிதழில் கடன் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்றும் நோக்க வேண்டும். சரக்கு ஊர்திக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆகவே வண்டியின் வயது வெறும் எண்ணன்று, செலவு. நான்கு வண்டிகளைக் கழித்து ஐந்தாவதைக் கொண்டேன்.

வாங்கிய முதல் வாரத்தில் சோதனைச்சாவடியில் ஒரு காவலர் கைகாட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றார். "நான்தான் ஐயா" என்றேன். இலகுரக ஊர்தி உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட இத்தகைய சரக்கு ஊர்தியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியதை விளக்க ஆயத்தமானேன். அவர் உரிமத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வழிவிட்டார். ஆயத்தம் செய்த உரை வீணாயிற்று.

வெறும் வண்டியின் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தவர்களே அறிவர். பின்புறத்தைத் தாங்கும் எஃகுப் பட்டைகள் சுமைக்கென்றே அமைந்தவை. சுமையில்லாவிடில் அவை வளைந்து கொடுப்பதில்லை, ஒவ்வொரு குழியையும் அப்படியே மேலே அனுப்பிவிடும். அதனால் மலைக்குச் செல்லும் நாளில் ஆறு மணல்மூட்டைகளைப் பின்னச்சுக்கு மேலே அடுக்குவேன். குழலைத் தென்னைநார் மெத்தையில் கிடத்திக் கயிற்றால் கட்டுவேன். ஆடி மட்டும் பெட்டிக்குள், கணவரின் மடியில்.

உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்: துக்கத்துக்கும் திருவிழாவுக்கும் குட்டியானையின் பின்னால் இருபது பேர் நின்றுகொண்டு செல்வர். கூரையில்லை, பற்றுவதற்குப் பிடியில்லை. வளைவில் எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். அது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் கூடும். கணவரின் பெரியப்பா மறைந்தபோது உறவினர் என் வண்டியைக் கேட்டனர். பாத்திரங்களையும் விறகையும் எத்தனை நடை வேண்டுமானாலும் ஏற்றுகிறேன், ஆட்களுக்கு வேனுக்கான பணத்தை நானே தருகிறேன் என்றேன். "சாவு வீட்டுல சட்டம் பேசுறா" என்றார் சின்ன மாமனார். எட்டு மாதம் அவர் எங்கள் வாயிற்படி மிதிக்கவில்லை. என் கணவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லையெனினும், அந்த எட்டு மாதமும் வீட்டில் உணவு சற்று உப்புக் குறைவாகவே இருந்தது.

அதே கேள்வி மலையிலிருந்தும் வந்தது. மலையூர்ப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் இருபத்தைந்து பேர் தொலைநோக்கியைக் காண விரும்பினர். இரவில் பேருந்து இல்லை. "பின்னால ஏத்திக்கிட்டுப் போங்க டீச்சர், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றனர் பெற்றோர். கொண்டையூசி வளைவுகள் உள்ள பாதை அது. பிள்ளைகள் இறங்க வேண்டாம், தொலைநோக்கி ஏறும் என்று சொல்லியனுப்பினேன்.

தை மாதத்து இரவு. சாமை அறுத்த களத்தில் குழலை நிறுத்தினோம். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த கார்த்திகை, ஆடிக்குள் எண்ணி முடியாததாயிற்று. வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் ஒருத்தி குறிப்பேட்டில் ஐந்து புள்ளிகளாக வரைந்துகொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்து, எல்லோரும் போர்வைக்குள் ஒடுங்கிய பிறகு, அவள் மட்டும் மீண்டும் வந்து பார்த்தாள். "டீச்சர், ஒண்ணு நகர்ந்திருக்கு" என்றாள். 1610ஆம் ஆண்டு சனவரியில் கலீலியோ இரவுதோறும் இப்படித்தான் புள்ளி வைத்து வரைந்தார் என்பதை அப்போதுதான் அவளிடம் கூறினேன். முன்னரே கூறியிருந்தால் அவள் பார்த்திருக்க மாட்டாள், நம்பியிருப்பாள்.

விடியலில் ஊரார் ஐந்து மூட்டைச் சாமையைச் சந்தைக்கென்று ஏற்றிவிட்டனர். மணல்மூட்டைகளை அவிழ்த்துக் களத்திலேயே கொட்டிவிட்டுப் புறப்பட்டோம். கணவர் ஆடிப்பெட்டியை மடியில் வைத்தபடி முதல் வளைவிலேயே உறங்கிவிட்டார்.