பிரிமணையாய்ச் சுற்றிய கொடி: சாந்தோரினித் தீவின் திராட்சைக் கவாத்து

ஏகியன் கடலின் தென்பகுதியில், கிரேக்க நாட்டைச் சேர்ந்த சாந்தோரினித் தீவில், திராட்சைக்குப் பெரும்பாலும் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. பானை வைக்கும் பிரிமணையைப் போலக் கொடி தரையோடு தரையாக வட்டமிட்டுக் கிடக்கிறது. குளிர்காலக் கவாத்தின்போது வெட்டாமல் விட்ட நீண்ட கிளைகளை, முந்தைய ஆண்டுகளில் முற்றிய வளையத்தின் மேல் சுற்றி முடைந்து, ஆண்டுக்கொரு சுற்றாகக் கூடை ஒன்றை வளர்த்தெடுக்கும் இம்முறைக்குத் தீவினர் இட்ட பெயர் கூலூரா. வளையம் என்பதே அச்சொல்லின் பொருள்.

இந்த வடிவம் அழகுக்காகத் தோன்றியதன்று. வசந்தத்தில் வீசும் காற்று இளந்தளிரை முறிப்பதோடு, எரிமலை மணலை வாரி அடித்துப் பூங்கொத்தையும் தேய்த்துவிடும். ஆண்டு முழுவதற்கும் 400 மில்லிமீட்டரை எட்டாத மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்து ஓய்ந்துவிடுவதால், கோடை மாதங்களில் வானத்தை நம்பிப் பயனில்லை. கூடையின் வெளிப்புறம் இலைகள் கவிந்து கூரையாக, உட்புறத்தில் குலைகள் காற்றுக்கும் வெயிலுக்கும் மறைவாகத் தொங்குகின்றன. கோடை இரவுகளில் கடலிலிருந்து ஏறி வரும் ஈரமூட்டத்தை இலைகளும், கீழே பரந்துள்ள நுரைக்கல்லும் பிடித்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை விட்டுச்சென்ற சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த இம்மண்ணை அஸ்பா என்பர். துளைகள் நிறைந்த அந்தக் கல் இரவில் உறிஞ்சிய ஈரத்தைப் பகலில் சிறிது சிறிதாக விடுவது கொடிக்குக் கோடைநீராகிறது.

கவாத்துக்காரரின் திறமை வெட்டுவதைவிட வளைப்பதிலேயே வெளிப்படுகிறது. கத்தி பழகாத கையாலும் வேண்டாத கிளையை வெட்டிவிட முடியும். ஆனால் ஓராண்டு வயதுள்ள, விரல் பருமனுக்குச் சற்றுக் குறைந்த கிளையை எந்த இடத்தில் பிடித்து எவ்வளவு முறுக்கினால் அது நார் விடாமல் வளையும் என்பது கையே அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி. வறண்ட காற்று அடிக்கும் நாளில் கிளை சட்டென முறியும். காற்றில் ஈரம் இருக்கும் நாளில் அதே கிளை கயிறுபோல இணங்கும். ஆகவே அனுபவமுள்ளவர் முதலில் கிளையை நுனியிலிருந்து அடிவரை இரு கைகளாலும் மெல்ல நெகிழ்த்திப் பார்த்து, கட்டைவிரலை மொட்டின் மேல் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு, பழைய சுற்றின் இடுக்கில் நுனியைச் செருகுகிறார். மொட்டு நசுங்கினால் அந்த இடத்தில் அவ்வாண்டுக் குலை இல்லை. இத்தனையும் முழங்கால் உயரத்துக்கும் கீழே, குனிந்தோ மண்டியிட்டோ, ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியவை. இரண்டு கொடிகளுக்கு ஒரே விடை பொருந்துவதில்லை.

பல பத்தாண்டுகள் சென்றபின் கூடை கனத்துவிடுகிறது. வேர் உறிஞ்சிய நீர், சுற்றிச் சுற்றிக் கிடக்கும் பல மீட்டர் நீள முதிர்ந்த மரத்தைக் கடந்தே தளிரை அடைய வேண்டியிருப்பதால் விளைச்சல் சரிகிறது. அப்போது கூடை முழுவதையும் அடியோடு அறுத்துவிடுவர். மண்ணையொட்டி உறங்கிக்கொண்டிருந்த மொட்டு ஒன்று விழித்துத் துளிர்க்க, அதே வேரின் மேல் புதிய கூடை தொடங்குகிறது. அதனால் மேலே தெரியும் கொடியின் வயது வேறு, கீழே உள்ள வேரின் வயது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடிய ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி, களிமண் அற்ற இந்த மணலில் பிழைக்க முடியாததால், பிற இடங்களைப் போல அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டும் தேவை இங்கே எழவில்லை. ஒரு கொடி பட்டுப்போனால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்துப் பதியன் போட்டாலே போதும்.

பெரும்பான்மையாக விளைவது அசிர்த்திகோ என்னும் வெள்ளை இனம்; உடன் அதீரி, ஐதானி ஆகியவையும் உண்டு. பொட்டாசியம் மிகக் குறைந்த மண்ணில் வளர்வதாலும், இனத்தின் இயல்பாலும், வெயிலில் நன்கு பழுத்துச் சர்க்கரை ஏறிய பின்னும் அசிர்த்திகோவின் புளிப்பு மங்குவதில்லை. வெப்பம் மிகுந்த நாட்டு ஒயினுக்கு இது அரிய பேறு. ஆகஸ்டு மாத அறுவடையில் பறித்த பழத்தைப் பகல் வெப்பம் தாக்காமல் அன்றிரவே பிழிந்த பழைய வழக்கத்திலிருந்து நிக்தேரி என்ற ஒயினின் பெயர் வந்தது. நிக்தா என்றால் இரவு. வின்சாந்தோ என்னும் இனிப்பு ஒயினோ வெயிலையே கருவியாகக் கொள்வது. குலைகளைத் திறந்த வெளியில் பரப்பி இரண்டு வாரம் போலக் காயவைத்து, சுருங்கிய பழத்தைப் பிழிந்து, மெதுவாகப் புளிக்கும் கெட்டிச் சாற்றை மரப்பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பர். புளிப்பு உறுதியாக இல்லாவிடில் இது வெறும் பாகாகிவிடும். அசிர்த்திகோவின் உண்மையான தகுதியை அறிய விரும்புபவருக்கு உலர் ஒயினைவிட வின்சாந்தோவைச் சுவைப்பதே சரியான வழி.

தீவின் உணவும் இதே வறட்சியில் விளைந்தது. ஃபாவா என்று இங்கே அழைக்கப்படுவது, பிற நாடுகளில் அப்பெயர் பெறும் அகன்ற அவரையன்று. லாத்திரஸ் பேரினத்தைச் சேர்ந்த சிறு பயறு. எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி ஊரின் அகழாய்விலேயே இதன் விதைகள் கிடைத்துள்ளன. தோல் நீக்கி உடைத்த பருப்பை, பொங்கும் நுரையை எடுத்துக்கொண்டே குழைய வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் நறுக்கிய பச்சை வெங்காயமும் பாறையிடுக்கில் தானாக முளைக்கும் கேப்பர் மொட்டும் சேர்த்து உண்பர். பாசனமின்றி வளரும் சிறு தக்காளி, தடித்த தோலும் செறிந்த சுவையும் கொண்டது. அதை நறுக்கி, வெங்காயமும் மூலிகையும் மாவும் பிசைந்து பொரித்தெடுப்பது தொமாத்தோகெஃப்தேதஸ். வெள்ளைக் கத்தரியும் உண்டு. பருப்பின் மாவுத்தன்மையையும் எண்ணெயின் கனத்தையும் அசிர்த்திகோவின் புளிப்பு ஒரு வாயிலேயே அறுத்துவிடுவதால், இவற்றை ஒரே மேசையில் சேர்ப்பதற்கு எந்த நூலும் தேவைப்படவில்லை.

இன்று சுற்றுலா விடுதிகளுக்காகத் தோட்டநிலம் குறைந்துவருகிறது. மண்டியிட்டு வேலை செய்ய இளையோரும் அதிகம் வருவதில்லை. கம்பியில் ஏற்றி வரிசையாக வளர்க்கும் தோட்டங்கள் சில தோன்றியுள்ளன. வேலை எளிது என்பது உண்மைதான், ஆனால் காற்றுக்கும் வெயிலுக்கும் எதிரே குலையை நிறுத்திவிட்டு, ஈரத்தை வேறெங்கோ தேடவேண்டிய நிலை அதில் உண்டு. கூடைக்கொடிகளிலோ, மழை பொய்த்த குளிர்காலத்தின் இறுதியில் கவாத்து செய்பவர், கொடி தாங்குமளவுக்கே சில மொட்டுகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறார். அவ்வாண்டு வளர்ந்து அடுத்த கவாத்தில் கூடைக்குள் செருகப்படும் கிளை குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும்.