குளிர் அறையும் துண்டுச் சீட்டும்

ஏ.டி.எம். அறையில் பணம் எடுப்பவர் நிற்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். மற்ற நேரமெல்லாம் அந்த அறை ஆளில்லாமல்தான் கிடக்கிறது. ஆனாலும் விளக்கு எரிகிறது, திரை ஒளிர்கிறது, ஏசி ஓடுகிறது. எங்கள் தெருமுனை ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் ஒருநாள் கேட்டேன்: "உள்ளதான் யாரும் இல்லையே, ராத்திரி கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைக்கக் கூடாதா அண்ணே?"

"அது நமக்குப் போட்ட ஏசி இல்ல சார், மிஷினுக்குப் போட்டது. சூடாச்சுன்னா நின்னுடும்னு சொல்லியிருக்காங்க" என்றார். சித்திரைப் புழுக்கத்தில் அவர் கையில் ஓர் அட்டை விசிறி இருந்தது.

அவர் சொன்னதில் தவறில்லை. சூடு தாங்காத எந்திரத்தை வாங்கி வைத்தால் அறையைக் குளிர வைத்துத்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இரவும் பகலும் ஓடும் ஓர் ஏசி அதை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடும். ஆக, பணம் கொடுக்கும் வேலைக்கு ஆகிற மின்சாரம் கொஞ்சம்தான், அந்த எந்திரத்தைக் குளிரூட்டத்தான் அதிகம் போகிறது. கூரையில் சூரியத் தகடு மாட்டி, கதவில் பச்சை இலைப் படம் ஒட்டிவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. எந்திரத்தை வடிவமைக்கும்போதே சூட்டைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

அப்படி யோசித்தவர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருமை. சென்னையில் எல். கண்ணன் தொடங்கிய வோர்டெக்ஸ் நிறுவனம், ஐஐடி மெட்ராஸின் துணையோடு, 'கிராமடெல்லர்' என்றொரு ஏ.டி.எம்.மை உருவாக்கியது. கரண்ட் அடிக்கடி போகும், ஏசி கிடையாது, புழங்கிக் கசங்கிய நோட்டுதான் கைக்கு வரும் என்ற கிராமத்து நிலைமையை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கீழிருக்கும் நோட்டை மோட்டார் கொண்டு மேலே இழுப்பதற்குப் பதில், மேலிருந்து அதன் போக்கிலேயே கீழே இறங்க விட்டார்கள். மோட்டாரின் வேலை குறைந்ததும் சூடு குறைந்தது, ஏசி தேவைப்படாமல் போயிற்று. அதன் பிறகு சிறிய சூரியத் தகடும் பேட்டரியுமே போதுமானதாகிவிட்டது. பாரத ஸ்டேட் வங்கி இவற்றை வாங்கிக் கிராமங்களில் வைத்தது. நகரத்தில் இருக்கிற நமக்கு மட்டும் குளிர் அறை எதற்கு என்ற கேள்விக்கு இதுவரை நியாயமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது சீட்டு. அந்த அறையின் மூலையில் இருக்கும் குப்பைக் கூடையைப் பாருங்கள். நிரம்பி வழிந்து, தரையெல்லாம் துண்டுச் சீட்டுகள். அதில் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்பாக ஒரு கோடு விழும். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் இரண்டு ரசாயனங்கள் சூடு பட்டதும் கலந்து கறுக்கின்றன, நாம் படிக்கும் எழுத்து அதுதான். இந்தப் பூச்சில் பல காலமாகப் பயன்பட்டு வந்தது பிஸ்பீனால் ஏ என்ற பொருள். அது உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் இந்தத் தாளில் அதற்குக் கடுமையான வரம்பு விதித்துவிட்டது. பழைய பேப்பர் கட்டோடு இந்தச் சீட்டைப் போட்டால், மறுசுழற்சியில் அந்த ரசாயனம் புதுத் தாளுக்கும் போய்ச் சேரும். கையில் வாங்கிய அரை நிமிடத்தில் கசக்கி எறிகிற பொருளுக்கு இத்தனை பாடு.

சீட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் அதைப் பாஸ்புக்குக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள். கையில் தாளாக இருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அவர்களிடமிருந்து அதைப் பிடுங்குவது சுற்றுச்சூழல் அக்கறை ஆகாது. கேட்டால் மட்டும் சீட்டு வரட்டும், கேட்காதவருக்குத் திரையோடு முடியட்டும். ரயில்வே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2015 ஏப்ரலில் எழும்பூர்–தாம்பரம் தடத்தில் செல்போனிலேயே காகிதமில்லா டிக்கெட் வந்தது. ஸ்டேஷன் கவுன்டரும் டிக்கெட் எந்திரமும் அப்படியே இருந்தன. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது எந்திரத்தின் ஆயுள். 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பி என்ற இயங்குதளத்துக்குத் தரும் ஆதரவை நிறுத்தியது. நம் ஏ.டி.எம்.களில் பெரும்பகுதி அப்போது அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஓராண்டுக்குள் எல்லா ஏ.டி.எம்.களிலும் அதை மாற்ற வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு விதித்தது. பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இரும்புப் பெட்டகம் பல பத்தாண்டு உழைக்கும். நோட்டு எண்ணும் பாகமும் ஒழுங்காகப் பராமரித்தால் நீண்ட நாள் தாங்கும். பழசாவது உள்ளே இருக்கிற சின்னக் கணினிதான். அதை மட்டும் கழற்றி மாற்ற வழி இருந்தால் எந்திரம் பிழைக்கும், இல்லாவிட்டால் அத்தனை இரும்பும் கண்ணாடியும் மின்கழிவாகிவிடும்.

சுற்றுச்சூழலுக்கென்றே வைத்த எந்திரங்களுக்கும் இது பொருந்தும். 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தில் 2022இல் கோயம்பேடு சந்தையில் ஓர் எந்திரம் வைத்தார்கள். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை வரும். அருமையான திட்டம், மனதாரச் சொல்கிறேன். அதே போன்ற ஒன்றை வேறோர் இடத்தில் பார்த்தேன். 'பழுது' என்று தாள் ஒட்டியிருந்தது, பல வாரம் கழித்துப் போனபோதும் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. நாணயம் நுழையும் இடத்தைத் திறந்து சரிசெய்ய உள்ளூர் மெக்கானிக் ஒருவரால் முடிந்திருக்கும். உதிரி பாகம் இல்லை, திறக்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

எந்திரம் வாங்க டெண்டர் விடும் வங்கிகளுக்கும் ரயில்வேக்கும் மாநகராட்சிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: விலையைக் கேட்கும் அதே பக்கத்தில், ஏசி இல்லாமல் ஓடுமா, உதிரி பாகம் எத்தனை வருடம் தருவீர்கள், உள்ளூரில் யார் பழுது பார்ப்பார்கள் என்றும் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லாத கம்பெனியிடம் வாங்காதீர்கள்.