விரிஞ்சிபுரத்து மணலில் ஒரு போட்டி

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்று, வடக்கே திரும்பினால் விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பெயர் பெற்ற மார்க்கபந்தீசுவரர் கோயிலைக் காணவே பெரும்பாலோர் இவ்வூருக்கு வருகின்றனர். அக்கோயிலின் தலமரம் பனை. நாமோ கோயிலைக் கடந்து, ஊரை ஒட்டிக் கிடக்கும் பாலாற்றை நோக்கி நடந்தோம்.

ஆறு என்றோம், நம் கண்ணுக்குத் தென்பட்டதோ மணல். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழகத்தில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, என்றுமே மேலே தண்ணீரைக் காட்டுவதில் கஞ்சத்தனம் உடையது. அதன் செல்வம் மணலுக்கு அடியில் இருந்தது. மணலில் ஊற்றுக்கால் வெட்டி, கசியும் நீரை வயலுக்குக் கொண்டு சென்று நெல் விளைவித்தனர் நம் முன்னோர். 2021 நவம்பரில் இந்த ஆறு கரைபுரண்டு ஓடியதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அது விருந்தாளி வெள்ளம். வந்த வேகத்திலேயே போய்விட்டது.

மணலின் நடுவே காடுபோல் மண்டிக் கிடந்தது வேலிகாத்தான். சீமைக் கருவேலம் என்பதும் இதுவே. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரத்தை, 1870களில் சென்னை மாகாண வனத்துறையினர் விதையாக வருவித்துக் கடப்பைப் பக்கம் நட்டார்கள். விறகுப் பஞ்சம் தீரவேண்டும் என்பது நோக்கம். விறகு கிடைத்தது உண்மைதான்!

உயிர்களின் போட்டி என்றவுடன் புலியும் மானும் நம் நினைவுக்கு வருகின்றன. செடிகளின் போட்டியில் ஓட்டமும் இல்லை, ஓசையும் இல்லை. நாணலும் கோரையும் மணலின் மேலடுக்கில் நீரைத் தேடுபவை. வேலிகாத்தானின் ஆணிவேரோ கீழே, இன்னும் கீழே என்று இறங்குகிறது. இதன் இனத்து மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில், சுரங்கம் தோண்டிய இடத்தில், 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கின்றனர். உதிர்ந்த இலைகளில் ஊறும் பொருள்கள் வேறு செடிகளின் விதை முளைப்பதைத் தடுக்கின்றன. வெட்டினால் அடிமரம் மீண்டும் துளிர்க்கும்.

1934இல் காஸ் என்ற ருஷ்ய அறிவியலார் ஒரு சோதனையை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத பரமேசியம் என்னும் சிற்றுயிரில் இரு இனங்களை ஒரே கண்ணாடிக் குழாயில், ஒரே உணவைக் கொடுத்து வளர்த்தார். சில நாட்களில் ஓர் இனம் அடியோடு மறைந்தது. வேறோர் இணையை வளர்த்தபோது, இரண்டுமே பிழைத்தன. ஒன்று குழாயின் மேற்பகுதியிலும், மற்றது அடியிலுமாக உணவைப் பங்கிட்டுக் கொண்டனவாம்.

அப்பங்கீட்டைக் காணக் கரையோரப் பனையை அண்ணாந்து பார்த்தால் போதும். தொங்கும் ஓலையின் மடிப்பில் பனை உழவாரன் கூடு ஒட்டுகிறது. ஓலை நுனியில் தூக்கணாங்குருவி தன் வீட்டைத் தொங்கவிடுகிறது. உச்சி முறிந்து பட்டுப்போன மரத்தின் பொந்துக்குத்தான் சண்டை. கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை என எல்லாருக்கும் அந்த ஒரு வாசல் வேண்டும். நாம் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு மைனா நான்கு முறை கிளியை விரட்டிற்று. ஐந்தாம் முறை கிளி அசையவில்லை.

ஆற்று மணலிலும் ஒரு காலத்தில் இத்தகைய பங்கீடு இருந்தது: மேல்நீர் புல்லுக்கு, அடிநீர் மரத்துக்கு. அதைக் குலைத்தது வேலிகாத்தான் மட்டுமன்று. மணலை அள்ளினோம், ஆழ்துளைக் கிணறுகளால் நீரை உறிஞ்சினோம். நீர்மட்டம் இறங்க இறங்க, நீண்ட வேர் உள்ளவனே பிழைக்கிறான். மனிதருள்ளும் அதே கதைதான்! திறந்த கிணறு வைத்திருந்த சிறு விவசாயி தோற்க, இன்னும் ஆழமாகத் துளைக்கப் பணமுள்ளவர் வென்றார்.

இத்துடன் உப்பும் சேர்ந்தது. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுவர்; அந்த உப்பு தோல் கழுவிய நீரில் வெளியேறுகிறது. வாணியம்பாடியும் ஆம்பூரும் நமக்கு மேலே, அதே ஆற்றங்கரையில் உள்ளவை. அத்தொழிலால் உண்ணும் குடும்பங்கள் நம் வாசகர்களிடையேயும் இருக்கலாம். ஆகவே இதைக் கோபத்தோடு எழுதவில்லை. பாலாற்றுப் படுகை கெட்டது பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. உப்பேறிய மண்ணில் நெல் வாடும். வேலிகாத்தானோ அதையும் தாங்கி நிற்கும். ஆக, பந்தயத்தின் விதிகளை அம்மரத்துக்குச் சாதகமாகத் திருத்தி எழுதியவர்கள் நாமே.

திரும்பும் வழியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். "இந்த மரத்தை எல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டால் நல்லதுதானே, ஐயா?" என்றோம். அவர் சிரித்தார்.

"பிடுங்கலாம் சாமி. புல்லு முளைக்கிற வரைக்கும் என் ஆடு எதைத் தின்னும்? வீட்டில் அடுப்பு எதில் எரியும்?"

அவருடைய ஆடுகள் அப்போதும் மஞ்சள் நிறக் காய்களைக் கடித்து மென்றுகொண்டிருந்தன. செரிக்காத விதைகள் புழுக்கையோடு விழுந்து, நாளை வேறோர் இடத்தில் முளைக்கும். பெரியவர் தலையில் விறகுச் சுமையை ஏற்றிவிட்டு, நாங்கள் வேலூர்ப் பேருந்தைப் பிடிக்க நடந்தோம்.