ஜார்ஜ் ஹாரிசனின் க்ளோசிங் ஸ்டாக்

போன செமஸ்டரில் ஒரு ராத்திரி, ஹாஸ்டல் அறையில் நானே போட்ட ஒரு மெட்டை கிடாரில் வாசித்துக் காட்டினேன். ரூம்மேட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "நல்லா இருக்குடா. ஆனா இது ராஜா பாட்டுதானே?" என்றான். எந்தப் பாட்டு என்று பாடியும் காட்டிவிட்டான் பாவி. சத்தியமாக நான் காப்பி அடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதும் சரிதான். அதற்கப்புறம் இரண்டு மாசம் கிடாரைத் தொடவில்லை. அந்த இரண்டு மாசமும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஆல்பத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

பெயர் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. பீட்டில்ஸின் கிடாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசன், குழு உடைந்த அதே 1970இல், நவம்பர் கடைசியில் வெளியிட்டது. ஒரு பெட்டிக்குள் மூன்று எல்.பி. தட்டுகள். (இதற்கு முன்பும் தனியாக இரண்டு வெளியிட்டிருக்கிறார். ஒன்று ஒரு படத்தின் பின்னணி இசை, இன்னொன்று முழுக்க சிந்தசைசர் சத்தம். அதை முழுசாகக் கேட்டவர்கள் கை தூக்கவும்.)

எடுத்த எடுப்பில் மூன்று தட்டுக்கு எங்கிருந்து வந்தது சரக்கு? எல்லாம் பழைய ஸ்டாக். பீட்டில்ஸில் பாட்டு எழுதுவது என்றால் லென்னனும் மெக்கார்ட்னியும்தான். ஹாரிசனுக்கு ஒரு ஆல்பத்தில் ஒன்று, இரண்டு இடம் கிடைக்கும். 'ரிவால்வரில்' மூன்று கிடைத்தது, அதற்கடுத்த 'சார்ஜென்ட் பெப்பரில்' ஒன்றே ஒன்று. ஆனால் மனுஷன் எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். இந்த ஆல்பத்தில் இருக்கும் 'இஸ்ன்ட் இட் எ பிட்டி' 1966இலேயே எழுதியது. தலைப்புப் பாட்டை 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். 2021இல் வந்த 'கெட் பேக்' ஆவணப்படத்தில் அந்த நாட்களைப் பார்க்கலாம். பார்க்கும்போது நமக்கே என்னவோ போல இருக்கும்.

க்ளோசிங் ஸ்டாக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்று எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஹாரிசனின் பாட்டுகளுக்கு அந்தக் குழுவுக்குள் சந்தை விலை கிட்டத்தட்ட பூஜ்யம். வெளியே வந்த பிறகு அதே சரக்கு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

1969 ஜனவரி 10 அன்று ஒத்திகையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எழுதிய பாட்டின் பெயர் 'வா-வா'. கிடார் பெடல் ஒன்றின் பெயர் அது. தமிழில் படித்தால் யாரையோ அன்பாகக் கூப்பிடுவது போல இருக்கும், ஆனால் கேட்டுப் பாருங்கள், சுத்தமான 'போ-போ' பாட்டு :-) ஹாரிசனோடு சேர்ந்து தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர் என்பதால் எதிலும் ஒரு கூட்டமே வாசிக்கும், எல்லாவற்றின் மேலும் எக்கோவைக் கொட்டியிருப்பார்கள். எக்கோ ஜாஸ்தி என்று பின்னாளில் ஹாரிசனுக்கே தோன்றியது. 2021இல் வந்த புது ரீமிக்ஸில் குரல் முன்னால் வந்திருக்கிறது. நான் அதைத்தான் கேட்கிறேன். மூன்றாவது தட்டில் இருப்பது நண்பர்களோடு சும்மா வாசித்துத் தள்ளியது. ஒரு தடவை கேட்டால் போதும்.

இனி என்னை உலுக்கிய விஷயம். இந்த ஆல்பத்தின் பெரிய ஹிட் 'மை ஸ்வீட் லார்ட்'. கிறிஸ்தவத் துதியில் ஆரம்பித்து, கோரஸ் கிருஷ்ண நாமத்துக்கு மாறி, நாம் பள்ளிக்கூடப் பிரேயரில் சொன்ன குரு ஸ்லோகம் வரைக்கும் போகும். அது 1963இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' மெட்டு என்று 1971இல் வழக்குப் போட்டார்கள். ஹாரிசனோ தனக்குத் தூண்டுதல் 'ஓ ஹாப்பி டே' என்ற வேறொரு பாட்டு என்றார். 1976இல் தீர்ப்பு சொன்ன நீதிபதி ரிச்சர்ட் ஓவன், தானே இசையமைப்பாளரும்கூட. வேண்டுமென்றே எடுக்கவில்லை, ஆனால் முன்பு கேட்ட பாட்டு ஆழ்மனசிலிருந்து வந்துவிட்டது, சட்டப்படி அதுவும் காப்புரிமை மீறல்தான் என்றார். படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. ரூம்மேட் மட்டும் நீதிபதியாக இருந்திருந்தால்!

கணக்கு இதைவிட சுவாரஸ்யம். பாட்டில் வந்த வருமானம் 21,33,316 டாலர் என்று எடுத்துக்கொண்டு, அதில் முக்கால் பங்கு, அதாவது 15,99,987 டாலர், பழைய மெட்டுக்குச் சேர வேண்டியது என்றது கோர்ட். ஆனால் அதற்குள் 1978இல் அந்தப் பழைய பாட்டின் உரிமையை 5,87,000 டாலருக்கு ஒருவர் வாங்கியிருந்தார். யார் தெரியுமா? ஆலன் க்ளெய்ன். ஹாரிசனின் முன்னாள் மேனேஜர்! வழக்கின் ஆரம்பத்தில் ஹாரிசன் பக்கம் நின்று சமரசம் பேசியவர். ஏஜென்ட், தன் முதலாளிக்கு எதிராக லாபம் பார்க்கக் கூடாது. 1981இல் கோர்ட் சொன்னதும் அதையேதான்: வாங்கிய விலையையும் வட்டியையும் கொடுத்து ஹாரிசனே உரிமையை எடுத்துக்கொள்ளலாம், க்ளெய்னுக்கு ஒரு டாலர் லாபம் கிடையாது. பிசினஸ் லா பேப்பரில் ஏஜென்சி பற்றிக் கேள்வி வந்தபோது இதை உதாரணமாக எழுதினேன். மார்க் வந்ததா என்று கேட்காதீர்கள்.

வழக்கில் தோற்ற அதே 1976இல், அந்த வழக்கையே கிண்டலடித்து 'திஸ் சாங்' என்று ஒரு பாட்டு போட்டார் ஹாரிசன். நான் இரண்டு மாசம் மூலையில் சாத்தி வைத்திருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

போன வாரம் கிடாரின் தூசியைத் தட்டினேன். ஒரு கம்பி துருப்பிடித்திருந்தது, மாற்றினேன். மெட்டின் இரண்டாவது வரியை மட்டும் வேறு மாதிரி போட்டுப் பார்த்திருக்கிறேன். ரூம்மேட்டிடம் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.