ஒலி வழியே ஒளி

அடுப்பில் எரியும் நெருப்பெல்லாம் பானையைச் சேர்வதில்லை. அதிற் பெரும்பங்கு புகையோடு கூடிக் கூரையைக் கடந்து வானிற் கலந்துவிடுகின்றது. இதனை எல்லோரும் அறிவர்; அறிந்தும் எவரும் வருந்துவதில்லை. சோறு வெந்தாற் போதும் என்பதே பொது எண்ணம். சற்று வருந்தத்தான் வேண்டும் என்று கூறுவதும், அவ்வாறு வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக மாற்றுதற்கு அறிஞர் கண்ட புதுமையான வழியொன்றை விளக்குவதும் எமது நோக்கம். அவ்வழி ஒலியின் வழி.

வெப்பத்தை வீணாக்குவதிற் சமையலறை தனித்து நிற்கவில்லை. மோட்டார் வண்டி எரிக்கும் பெற்றோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புகையோடும் சூட்டோடும் வெளியேறுகின்றது. நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்து மின்சாரம் பிறப்பிக்கின்றனர். அங்கும் கரியின் வெப்பத்திற் பாதிக்கு மேற்பட்டது மின்னாவதில்லை. இஃது எவருடைய கவலையீனத்தாலும் நேர்வதன்று. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது என்பது இயற்கையின் விதி. பிரான்சு நாட்டு இளம் பொறியியலாளர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டில் எழுதிய நூல் இவ்விதிக்கு வழிகோலிற்று. ஆயினும், விதி அனுமதிக்கும் அளவைக்கூட நாம் எடுத்துக்கொள்வதில்லை. எடுப்பதானால் கொதிகலமும் சுழலும் சில்லுகளும் வேண்டும். அவை விலை கூடியவை, தேய்பவை, வீட்டு அடுப்பொன்றிற் பொருத்த இயலாதவை. அசையும் உறுப்பில்லாமலே வெப்பத்தை வேலை வாங்க முடியுமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை கண்ணாடி ஊதும் தொழிலாளரின் பட்டறையில் நெடுங்காலம் ஒலித்துக்கொண்டிருந்தது. கேட்டவர் பலர், பொருள் கொண்டவர் இலர். குளிர்ந்த குழாயின் நுனியிற் கொதிக்கும் கண்ணாடிக் குமிழ் இருக்கும்போது, குழாய் சில வேளைகளிற் தானாகவே ஒலியெழுப்பும். தொழிலாளர் அதனைத் தொழிலோடு கூடிய ஒரு சத்தமாகவே கருதினர். ஜேர்மனியரான சொண்ட்ஹவுஸ் 1850ஆம் ஆண்டில் அதனை முறையாக ஆராய்ந்து, குழாயின் நீளமும் குமிழின் பருமனும் மாறச் சுருதியும் மாறுவதைக் கண்டார். ஏன் ஒலிக்கின்றது என்பதை மட்டும் அவராற் கூற இயலவில்லை. 1859ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரப் பேராசிரியர் ரெய்க்கே இன்னொரு குழாயைப் பாட வைத்தார். இரு முனையும் திறந்த குழாயொன்றை நிமிர்த்தி, அதன் கீழ்ப்பாதியிற் சூடேறிய கம்பிவலையை வைத்தார்; குழாய் முழங்கிற்று.

ரெய்க்கேயின் குழாயை நாம் கற்பிக்கும் கல்லூரியின் ஆய்கூடத்தில் ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் செய்துகாட்டுவதுண்டு. ஒரு மீற்றர் நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்று. அதன் கீழ் முனையிலிருந்து நீளத்திற் காற்பங்கு உயரத்தில் இறுக்கிய கம்பிவலை ஒன்று. பன்சன் சுடரடுப்பின் சுவாலையால் வலையைச் செந்நிறமாகும் வரை சூடாக்கி, சுவாலையை அகற்றிவிடுவோம். ஓரிரு கணம் அமைதி. பின்னர் கோயிற் சங்கை ஒத்த கனத்த நாதம் எழும். செக்கனுக்கு ஏறத்தாழ 170 அதிர்வு. குழாயைப் படுக்கையாகப் பிடித்தால் நாதம் அடங்கும். மீண்டும் நிமிர்த்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சூடான வளி மேலெழுந்து, குளிர்ந்த வளி கீழிருந்து வலையினூடு வந்துகொண்டிருந்தாலன்றி ஒலி பிறவாது என்பதை மாணாக்கர் தாமே கண்டுகொள்வர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அந்நாதம் அடங்கியதும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்தச் சத்தத்தாலை ஒரு பல்ப் எரியுமோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. பழுதான வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றிவரச் செய்து, அதன் இரு கம்பிகளையும் மின்னழுத்தமானியோடு இணைத்து, குழாயின் வாயருகே பிடிக்கச் சொன்னோம். குழாய் பாடிற்று, மானி சில மில்லிவோல்ற்றைக் காட்டிற்று. மின்சாரம் ஒலியாவதை நாள்தோறும் கேட்டுப் பழகிய பிள்ளைகள், ஒலி மின்சாரமாவதைக் கண்ணாற் கண்டது அன்றுதான். காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின் பிறக்கும் என்று மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டில் நிறுவிய உண்மையே அங்கு வேலை செய்தது.

ஆயினும் மாணவனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டுமன்றோ? நாம் காதாற் கேட்கும் ஒலியில் அடங்கிய திறன் மிகமிகச் சிறிது. ஒருவர் இயல்பாகப் பேசும்போது வெளிப்படும் ஒலியின் திறன் ஒரு வாற்றில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கு. இலட்சம் பேர் கூடி ஒருங்கே பேசினாலும் ஒரு வாற்றளவே தேறும். மேடைப் பேச்சால் விளக்கெரிக்க முடியாது என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, வெளியே பரந்து சிதறும் ஒலியைப் பிடித்துப் பயனில்லை. குழாய்க்குள்ளேயே ஒலியை அடைத்துவைத்து வலிமையூட்டவேண்டும். அதற்கு, வெப்பம் ஏன் ஒலியாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அதனை விளக்கியவர் இங்கிலாந்தின் ரேலி பிரபு. 1878ஆம் ஆண்டில் அவர் கூறிய விளக்கத்துக்குச் சித்திரைப் புத்தாண்டில் நம் முற்றங்களிற் கட்டும் ஊஞ்சலே தக்க உவமை. ஊஞ்சலைப் பெரும்பலத்தோடு தள்ளவேண்டியதில்லை. அது பின்னே வந்து திரும்பும் கணம் பார்த்து மெல்லத் தள்ளினாற் போதும், ஆட்டம் வளரும். நேரந்தப்பித் தள்ளினால் ஆட்டம் அடங்கும். ஒலி என்பதும் வளியின் ஆட்டமே. வளி மாறிமாறி நெருங்கும், விரியும். நெருங்கிய கணத்தில் வெப்பம் உட்புகுந்தாலும், விரிந்த கணத்தில் வெப்பம் வெளியேறினாலும் ஆட்டம் வளரும் என்றார் ரேலி. கம்பிவலையைக் குழாயின் மேற்பாதியில் வைத்தால் நாதம் எழாமைக்குக் காரணமும் இதுவே. அங்கே வெப்பம் வளியை வந்தடையும் நேரம் பிழைக்கின்றது. நெருப்பு அதே நெருப்பு, வலையும் அதே வலை. ஒரு சாண் இடம் மாறியதாற் பாட்டு அடங்கிவிடுகின்றது.

ரேலியின் சொல் கணக்காக விரிவதற்கு மேலும் 90 ஆண்டுகள் சென்றன. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நிக்கொலாஸ் ரொட் என்பவர் 1969ஆம் ஆண்டு முதலாக இதன் கணிதத்தைப் படிப்படியாக எழுதினார். அதன் துணைகொண்டு அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தார் 1980களிற் பொறிகளைச் செய்யத் தொடங்கினர். நுண்ணிய துளைகள் நிறைந்த அடுக்கொன்றின் ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவும் வைத்தால், அத்துளைகளிலுள்ள வாயு முன்னும் பின்னும் ஆடி, ஒருபுறம் வெப்பத்தை வாங்கி மறுபுறம் விடும். வாங்குவதும் விடுவதும் தக்க கணத்தில் நிகழுமாறு குழாயின் வடிவம் அமைக்கப்படும். வேறு பொறிகளிற் பிஸ்டனும் வால்வும் செய்யும் காரியத்தை இங்கே ஒலியலையே செய்கின்றது. அங்கு பணியாற்றிய ஸ்கொட் பக்கவுஸ், கிரெக் சுவிஃப்ற் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட பொறியில் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு அமுக்கத்தில் ஈலியம் வாயு அடைக்கப்பட்டிருந்தது. அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத அப்பொறி, தான் பெற்ற வெப்பத்தில் நூற்றுக்கு 30 பங்கை ஒலியாக மாற்றிற்று. மோட்டார் வண்டிப் பொறிக்கு ஏறத்தாழ நிகரான பேறு இது.

ஒலி கிடைத்த பின் மின்சாரம் தொலைவிலில்லை. எம் மாணவர் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் போன்ற, ஆனால் அதனினும் உறுதியான சுருளும் காந்தமும் குழாயின் முனையிற் பொருத்தப்படும். 2004ஆம் ஆண்டில் பக்கவுஸ் குழுவினர் விண்கலங்களுக்கெனச் செய்த சிறு பொறி, வெப்பத்தில் நூற்றுக்கு 18 பங்கை மின்னாக்கி 39 வாற்றுத் தந்தது. 1977ஆம் ஆண்டிற் புறப்பட்ட வொயேஜர் விண்கலங்களில், வெப்பத்தை நேரே மின்னாக்கும் குறைகடத்திச் சந்திகள் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கே தந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். சுருளுக்குப் பதிலாகப் பளிங்கு போன்ற பொருள்களைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அழுத்தினால் மின் தரும் அப்பொருள்களின் இயல்பைக் கியூரி சகோதரர் 1880ஆம் ஆண்டிற் கண்டனர். எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் பொறித்தெறிப்பு அதன் பயனே. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓரெஸ்ட் சிம்கோவும் மாணாக்கரும் கையடக்கமான இத்தகைய கருவிகளை 2007ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர்.

விண்கலத்துக்கு உதவுவது வீட்டுக்கும் உதவுமா? இதனைக் கேட்பதற்கு எமக்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. நாம் அக்காலத்திற் பள்ளிச் சிறுவர். மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சையிட்டு, அது நனையுமளவு எண்ணெய் வார்த்து, திரியேற்றிப் படித்தோம். வானொலிச் செய்தி கேட்கவேண்டுமானாற் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுழற்றுவார். டைனமோ மின்சாரம் தரும். சுற்றியிருப்போர் செய்தி கேட்பர். அந்த நாட்களிலும் எம் வீட்டில் நெருப்புக்குக் குறைவிருக்கவில்லை. பனைமட்டையும் தென்னம்பாளையும் அடுப்பில் எரிந்துகொண்டேயிருக்கும். ஊதுகுழலும் இருமலுமாக அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் அம்மா, "தம்பி, இஞ்சை கிட்ட வந்திருந்து படி, வெளிச்சம் வீணாய்ப் போகுது" என்று அழைப்பார். புகையிற் கண் எரியினும் அவ்வடுப்பு வெளிச்சத்திற் படித்த பாடங்கள் பல.

ஆசிரியரான பின்னர் ஒருநாள் அதனைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிலோ விறகு எரிந்தால், வெளிப்படும் வெப்பத்தின் திறன் ஏறக்குறைய 4,000 வாற்று. ஒரு பிள்ளை படிப்பதற்கு இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கொன்றுக்கு 3 வாற்றுப் போதும். அவ்வடுப்பின் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னாகியிருப்பின், ஜாம் போத்தலும் வேண்டியதில்லை. புகையருகே அமரவும் வேண்டியதில்லை. முதுமையில் மூச்செடுக்க இடர்ப்பட்ட அம்மாவிடம் வைத்தியர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை வருடம் விறகடுப்பிற் சமைத்தீர்கள்?" என்பதே. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டினுள் எழும் புகையால் உலகெங்கும் 32 இலட்சம் பேர் காலத்துக்கு முன் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஆகவே, பிரித்தானியாவின் நொட்டிங்காம் பல்கலைக்கழகம் வேறு சில பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2007ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டம் எம் உள்ளத்தைத் தொட்டது. விறகில் இயங்கும் ஓர் அடுப்பு. அது சமைக்கவும் வேண்டும், புகையைக் குறைக்கவும் வேண்டும், எஞ்சிய வெப்பத்தை ஒலியாக்கி மின்சாரமும் தரல் வேண்டும் என்பது அவர்தம் குறிக்கோள். ஏறத்தாழ 20 இலட்சம் பவுண் அதற்கென ஒதுக்கப்பட்டது. ஏழை மக்களின் அடுப்படியை உயர்ந்த பௌதிகத்துக்கு ஏற்ற களமென அறிஞர் கருதியமை பாராட்டத்தக்கது.

எனினும், இவ்வகை அடுப்பு இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஆய்கூடத்திற் சிறந்து விளங்கும் பொறி, உயர்ந்த அமுக்கமும் கசியாத மூட்டும் கொதிசூட்டைத் தாங்கும் உலோகமும் வேண்டுவது. அடுப்புக்கான பொறியோ மலிவாக இருத்தல் வேண்டும். ஊர்த் தச்சரும் கொல்லரும் திருத்தக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது எளிதன்று. இதற்கிடையிற் சூரிய மின்தகடுகளின் விலையும் பெரிதும் வீழ்ந்துவிட்டது. ஒலியடுப்பு அவற்றோடும் போட்டியிடவேண்டும். ஆனால் அடைமழைக் காலத்தில் வெயில் இல்லாத நாளும் உலை வைக்காமல் இருப்பாரில்லை. வெயிலை நம்பும் தகட்டுக்கு ஓய்வு நேரும் வேளையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அங்கே ஒலிக்கு இன்னும் இடமுண்டு.

அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு நாம் கூறிய விடை, "இந்தக் குழாயால் எரியாது, இதன் உறவினன் ஒருவனால் எரியும்" என்பது. அவ்வுறவினனை மலிவாக்கும் வேலை இன்னும் எஞ்சியிருக்கின்றது. அதனைச் செய்பவர் இன்று ஏதோவொரு வகுப்பிற் பின்வரிசையில் அமர்ந்திருத்தலும் கூடும். மாணாக்கர் முதற்படியாக ரெய்க்கேயின் குழாயைத் தம் பள்ளி ஆய்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையிற் செய்து பார்க்கலாம். பழைய இரும்புக் குழாய் ஒன்றும், ஒரு துண்டுக் கம்பிவலையும், சுவாலையும் போதும். வலை கீழ் முனையிலிருந்து காற்பங்கு உயரத்தில் இருக்கட்டும். குழாயின் வெளிப்புறமும் சுடும், ஆதலின் தடித்த துணியாற் பிடித்துக்கொள்க.