கொலம்பியாக் கரையில் மூன்று சென்ட் மின்சாரம்

காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவு முழுக்க மழை, பாசி, ஊசியிலைக் காடு. ஸ்டீவன்ஸ் கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் காடு மெலிகிறது. ஒரு மணி நேரத்துக்குள் மொட்டைக் குன்றுகளும் காய்ந்த புல்லும் சேஜ் புதர்களும் வந்துவிடுகின்றன. கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் மலையே பிழிந்து எடுத்துக்கொள்வதால், கிழக்கே வெனாட்சி நகரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 25 சென்டிமீட்டர்கூட இல்லை. இந்த வறட்சியின் நடுவே, இரு கரையிலும் ஆப்பிள், பேரி, செர்ரித் தோட்டங்களை வளர்த்தபடி கொலம்பியா ஆறு போகிறது. கனடாவின் ராக்கி மலைப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக்கில் கலக்கும் ஆறு அது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஷெலான் கவுண்ட்டிக்கு ஒரு ஜூலையில் போனேன். சுமார் 80,000 பேர் வாழும் மலைநாட்டுப் பகுதி. அங்கே வீடுகளுக்கு மின்சாரம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நேரில் பார்க்கும் ஆசை இருந்தது.

ஆற்றோரத்தில் ஒரு பேரித் தோட்டத்து வீட்டில் தங்கினேன். எழுபதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மா, நான் கேட்டதும் தயங்காமல் ஜனவரி மாத பில்லை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஒரே மாதத்தில் 2,000 யூனிட்டைத் தாண்டியிருந்தது. எழுபது டாலர்போலக் கட்டியிருக்கிறார். யூனிட் விலை மூன்று சென்ட்டை ஒட்டி வருகிறது. நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டரை ரூபாய். அதற்குமேல் ஒரு சிறிய நிலைக்கட்டணம், அவ்வளவுதான். 2023இல் அமெரிக்க வீடுகளுக்கான சராசரி விலை யூனிட்டுக்கு 16 சென்ட். அந்தக் கணக்கில் இதே 2,000 யூனிட்டுக்கு 320 டாலர் ஆகியிருக்கும். நம் ஊரில் யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும். இங்கே முதல் யூனிட்டுக்கும் இரண்டாயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை.

மலிவாக இருப்பதால் நிறையச் செலவழிக்கிறார்கள். அமெரிக்க வீடு ஒன்று சராசரியாக மாதம் 900 யூனிட் எரிக்கிறது. இந்த வீட்டில் ஜன்னல்களுக்குக் கீழே, சுவரை ஒட்டி நீளநீளமாக மின் ஹீட்டர்கள் ஓடுகின்றன. சுடுதண்ணீர், அடுப்பு, கிணற்று மோட்டார் எல்லாம் மின்சாரம். கிராமப்புறத்தில் பல வீடுகளுக்குக் குழாய் எரிவாயு வருவதில்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி கிடக்கும். நான் போன ஜூலையில் வெயில் 38 டிகிரி. ஏசி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறுவடையான ஆப்பிளை ஆக்சிஜன் அளவைக் குறைத்த குளிர்க்கிடங்குகளில் மாதக்கணக்கில் உறங்க வைப்பதும் மின்சாரம்தான். சென்னையில் தள்ளுவண்டியில் நாம் வாங்கும் வாஷிங்டன் ஆப்பிளிலும் இந்த ஆற்றின் மின்சாரம் கொஞ்சம் இருக்கிறது.

எனக்குப் பெரிய வியப்பு பில்லில் அச்சாகாத ஓர் எண்ணில் இருந்தது. அமெரிக்க மின்கட்டமைப்பு சராசரியாக யூனிட்டுக்கு 370 கிராம் அளவில் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. நிலக்கரி மட்டும் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த அம்மாவின் ஜனவரி வீட்டை நிலக்கரி மின்சாரத்தால் சூடாக்கியிருந்தால் ஒரே மாதத்தில் இரண்டு டன் புகை. இங்கே எரிபொருள் எதுவும் எரிவதில்லை. கனடா மலைகளின் பனி உருகி வருகிறது, சுழலியைச் சுற்றுகிறது, போகிறது. நாட்டில் வேறெங்காவது இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கும் குடும்பம் இவ்வளவு குறைவாகப் புகை விட முடியுமா என்று மேசையில் உட்கார்ந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இருந்தால் மட்டும் விலை குறைந்துவிடாது. 1930களின் நடுவில் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. வாஷிங்டன் மாநில விவசாயிகள் அதை ஏற்கவில்லை. கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம் முன்னின்று, மக்களே தங்களுக்கான மின்வாரியத்தை அமைத்துக்கொள்ளும் சட்டத்தை 1930இல் வாக்கெடுப்பில் வெல்ல வைத்தது. 1936இல் ஷெலான் கவுண்ட்டி மக்கள் வாக்களித்துத் தங்கள் வாரியத்தை உண்டாக்கினார்கள். பி.யு.டி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். லாபத்துக்கு நடப்பதல்ல. ஐந்து ஆணையர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணத்தை ஏற்றுவது குறைப்பது எல்லாம் அவர்கள் கூடும் பொதுக்கூட்டத்தில் முடிவாகும். யாரும் போய் எழுந்து கேட்கலாம்.

கொலம்பியாவின் குறுக்கே முதன்முதலில் எழுந்த ராக் ஐலண்ட் அணை 1933இல் ஒரு தனியார் கம்பெனி கட்டியது. 1956இல் அதை வாரியம் வாங்கியது. 1961இல் சொந்தமாக ராக்கி ரீச் அணையைக் கட்டி முடித்தது. 11 சுழலிகள், 1,300 மெகாவாட் அளவு திறன். இத்தனை மின்சாரத்தில் கவுண்ட்டிக்குத் தேவைப்படுவது சிறு பங்கு. மிச்சத்தை வெளியே நல்ல விலைக்கு விற்று, அந்த வருமானத்தில் உள்ளூர் விலையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அந்த மூன்று சென்ட் பனி கொடுத்ததில் பாதி, அந்த விவசாயிகளின் பிடிவாதம் கொடுத்ததில் பாதி. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓட்டுப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதன் பலனை மாதாமாதம் பில்லில் பார்க்கிறார்கள். இதை நினைக்க எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

மலிவு என்றால் தேடி வருபவர்களும் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே பிட்காயின் எடுப்பவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார்கள். பழைய பழக்கிடங்குகளில் இரவும் பகலும் கணினிகள் இரைந்தன. சிலர் வாடகை வீடுகளிலேயே சொல்லாமல் கொள்ளாமல் இயந்திரங்களைப் பூட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கென்று போட்ட கம்பியும் டிரான்ஸ்பார்மரும் அந்தச் சுமையைத் தாங்காது. சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து தெருவுக்கே. 2018இல் வாரியம் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது, பிறகு அவர்களுக்கென்று தனிக் கட்டணம் கொண்டுவந்தது. வீடுகளுக்காக வைத்த விலையை வீடுகளுக்கே காத்துக்கொண்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மறுநாள் ராக்கி ரீச் அணைக்குப் போனேன். வெனாட்சியிலிருந்து வடக்கே பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்வையாளர் கூடத்தில், மீன்கள் அணையை ஏறிக் கடக்க அமைத்த மீன் ஏணியைப் பார்க்கக் கண்ணாடி ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு எதிரே பாய்கிறது. அதில் சாக்கை சால்மன்கள் அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் உடம்பு முழுக்கத் துடிக்கிறது. அந்த இடத்தில் நிற்பதற்கே அவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது. முதுகு நீலம், வயிறு வெள்ளி. சில மீன்களின் பக்கவாட்டில் செதில் உரிந்து வெளுத்த கீறல். கண்ணாடியின் மூலையில் விலாங்கு போன்ற லாம்ப்ரே ஒன்று வாயை வட்டமாக ஒட்டிக்கொண்டு தொங்கியது. உள்ளே மஞ்சள் பற்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன. திடீரென்று ஒரு சால்மன் வாலைச் சுழற்றியது, அடுத்த படிக்கு ஏறிப் போய்விட்டது.

இங்கே வந்து சேர அவை கடலிலிருந்து 760 கிலோமீட்டர் நீந்தியிருக்கின்றன. வழியில் ஏழு அணைகள். இது எட்டாவது. ஒன்பதாவதையும் தாண்டி ஒகனாகன் ஆற்றில் திரும்பி, கனடாவுக்குள் போய் முட்டையிடும். அவற்றின் குஞ்சுகள் கடலுக்குத் திரும்பும்போது இதே அணைகளைக் கடந்தாக வேண்டும். குஞ்சுகளுக்காக 2003இல் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ராக்கி ரீச்சில் ஒரு மாற்றுவழிக் குழாய் அமைத்தார்கள். அணையைக் கடக்கும் மீன்களில் 91 சதவீதமாவது பிழைக்க வேண்டும், இழக்கும் மிச்சத்தில் 7 சதவீதத்தைப் பொரிப்பகங்களாலும் 2 சதவீதத்தைக் கிளையாறுகளைச் சீர்செய்தும் ஈடுகட்ட வேண்டும் என்று 50 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அந்தச் செலவெல்லாம் மூன்று சென்ட்டுக்குள் அடக்கம்.

அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் பழைய என்டியட் ஊரின் மேல் நிற்கிறது. ஊர் மேட்டுக்கு இடம் மாறியது. அந்த அம்மா தினமும் ஜன்னலிலிருந்து பார்ப்பது அந்த நீரைத்தான். அவரிடம் ஒன்று கேட்டேன்: "இவ்வளவு மலிவாக இருக்கும்போது எதற்குப் பழைய ஹீட்டர்களை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் மாட்டப் போகிறீர்கள்?" அவர் மலைப் பக்கம் கை காட்டினார். "நான் விடும் யூனிட் அந்தக் கம்பி வழியாக மலையைத் தாண்டிப் போகும். அங்கே எரிவாயு எரிப்பது அவ்வளவு குறையும்" என்றார். கணக்கு சரி. எரிவாயு நிலையம் யூனிட்டுக்கு 400 கிராமை ஒட்டிப் புகை விடும். ஹீட் பம்ப் அதே சூட்டைப் பாதி மின்சாரத்தில், சில நேரம் மூன்றில் ஒரு பங்கில் தந்துவிடும். தன் வீட்டில் பூஜ்யமாக இருக்கும் புகையை இன்னொருவர் ஊரில் குறைக்கப் பணம் போடும் மனுஷியை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கடைசி நாளில் ஆற்றோடு மேலே, பிரிட்ஜ்போர்ட் வரை போனேன். அங்கே 1955இல் மின்சாரம் தரத் தொடங்கிய சீஃப் ஜோசப் அணை நிற்கிறது. கூட்டரசின் ராணுவப் பொறியாளர்கள் கட்டியது. அதில் மீன் ஏணி இல்லை. அதற்கு மேலே இருக்கும் பிரம்மாண்டமான கிராண்ட் கூலி அணையிலும் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சால்மனைச் சுற்றியே வாழ்ந்த கோல்வில், ஸ்போகேன் பழங்குடி மக்களின் ஆற்றில் அந்த மீன் நின்றுபோனது. அவர்கள் சால்மன் பிடித்துவந்த கெட்டில் அருவி கிராண்ட் கூலி நீரில் மூழ்கப் போகிறது என்று தெரிந்த 1940 ஜூனில், பல பழங்குடிகள் அங்கே கூடிக் கண்ணீர் விழா என்ற பெயரில் விடைகொடுத்தார்கள். வீடுகளுக்கு வெளிச்சம் கொண்டுவந்த அதே பத்தாண்டில் இதுவும் நடந்தது. விலைப்பட்டியல் எதிலும் இது ஏறவில்லை.

2019 ஆகஸ்டில் கோல்வில் மக்கள் லாரியில் கொண்டுவந்த சினூக் சால்மன்களைத் தங்கள் கையாலேயே கிராண்ட் கூலிக்கு மேலே விட்டார்கள். 2023 செப்டம்பரில் கூட்டரசு அவர்களோடும் ஸ்போகேன், கர்டலேன் பழங்குடிகளோடும் ஓர் ஒப்பந்தம் செய்தது. மேலாற்றில் சால்மனை மீட்க 20 ஆண்டுகளில் 20 கோடி டாலர். கூட்டரசு அணைகளின் மின்சாரத்தை விற்கும் பான்னவில் நிறுவனம் தன் விற்பனை வருமானத்திலிருந்து அதைக் கொடுக்கும். அதாவது, அந்த மின்சாரத்தை வாங்கும் வீடுகளின் பில்லிலிருந்து. யூனிட் விலை மூன்று சென்ட்டோ ஐந்து சென்ட்டோ, அந்தத் தொகை அதில் ஏற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏறினாலும் அது நாட்டிலேயே மலிவான மின்சாரங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.